நந்தீஸ்வரத் தீவும் இரட்டிக்கும் எண்களும்

ஆஷாடம், கார்த்திகம், பால்குனம் ஆகிய மூன்று மாதங்களிலும் வளர்பிறை அட்டமி தொடங்கிப் பௌர்ணமி வரை எட்டு நாள்கள் நந்தீஸ்வர பூசை நிகழ்வது சமணர் மரபு. மனிதர் சென்றடைய முடியாத எட்டாம் தீவில் உள்ள ஐம்பத்திரண்டு ஜினாலயங்களை, இருந்த இடத்திலிருந்தே மனத்தால் வணங்கும் விழா இது. அத்தீவின் அகலம் 163 கோடியே 84 இலட்சம் யோஜனை என்று ஆகமங்கள் கூறுகின்றன. பூசையில் அமர்ந்து கேட்கும் முதியோர் செவிக்கு இவ்வெண் பழகியது. அவர்தம் பேரப்பிள்ளைகளுள் கணிப்பொறி பயில்வோருக்கோ 16384 என்னும் எண் பழகியது. 16 கிலோபைட் நினைவகம் என்பது 16384 பைட்டுகளாகும். 163 கோடியே 84 இலட்சம் என்பது 16384 இலட்சமே. ஒரே எண்ணைப் பாட்டனார் ஒருவிதமாகவும் பேரன் வேறுவிதமாகவும் அறிந்திருக்கின்றனர். இரண்டும் ஒன்றே என்பதை இருவருக்கும் எடுத்துச் சொல்வார் அரியர்.

இவ்வெண் எங்கிருந்து வந்தது, சமண ஆசாரியர்கள் இத்தகைய எண்களை எவ்வாறு ஆராய்ந்தனர், அவ்வாராய்ச்சியில் தமிழ் மண்ணுக்கு உள்ள பங்கு யாது என்பவற்றைத் தொகுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

தீவுகளின் கணக்கு

மத்திம உலகின் நடுவில் வட்ட வடிவமாக அமைந்தது ஜம்பூத்வீபம். அதன் விட்டம் ஓர் இலட்சம் யோஜனை. அதனை வளையம்போல் சூழ்ந்துள்ள இலவண சமுத்திரத்தின் அகலம் இரண்டு இலட்சம். அதனைச் சூழ்ந்த தாதகீ கண்டம் நான்கு இலட்சம். அதற்கப்பால் உள்ள காளோத சமுத்திரம் எட்டு இலட்சம். இவ்வாறு தீவும் கடலுமாக மாறி மாறி, முன்னதைப்போல் இருமடங்கு அகலத்துடன் வளையங்கள் விரிந்துகொண்டே செல்கின்றன.

தீவுகளை மட்டும் வரிசைப்படுத்தினால், ஜம்பூ, தாதகீ, புஷ்கரவரம், வாருணீவரம், க்ஷீரவரம், கிருதவரம், க்ஷௌத்ரவரம், நந்தீஸ்வரம், அருணவரம் என அமையும். ஒரு தீவுக்கும் அடுத்த தீவுக்கும் இடையே ஒரு கடல் இருப்பதால், தீவுக்குத் தீவு அகலம் நான்கு மடங்காகிறது. ஆகவே அவற்றின் அகலங்கள் இலட்சக் கணக்கில் 1, 4, 16, 64, 256, 1024, 4096, 16384, 65536 என நிற்கும். எட்டாவதாக வருவதே நந்தீஸ்வரத்தின் 16384. முதல் தீவிலிருந்து அதனை அடைய ஏழு தீவுகளையும் ஏழு கடல்களையும் கடக்க வேண்டும். எனவே பதினான்கு இரட்டிப்புகள். இன்றைய பள்ளிக் கணிதத்தின் சொல்லால் கூறினால், 16384 என்பது 2-இன் 14ஆம் அடுக்கு. 4-இன் 7ஆம் அடுக்கு.

இவ்வரிசையில் ஓர் ஒழுங்கு வெளிப்படையாகத் தெரியும். ஒன்று நீங்கலாக மற்ற எண்கள் யாவும் 4, 6, 4, 6 என மாறி மாறி முடிகின்றன. எழுதுவோரோ ஓதுவோரோ ஓர் இலக்கத்தைப் பிழைபடச் சொன்னால், கடைசி இலக்கத்தைக் கொண்டே ஓரளவு கண்டுகொள்ளலாம். ஆயினும் 16384 என்னும் இலக்கங்களைப் பார்த்த அளவில், இது பதினான்கு முறை இரட்டித்துப் பெற்ற எண் என்று யாருக்கும் தோன்றாது. காரணம், எண் வேறு. அதனை எழுதும் முறை வேறு.

எண்ணும் அதன் ஆடையும்

நாம் இன்று எழுதும் முறையில் பத்து என்பது அடிமானம். ஓர் இடத்தில் பத்து சேர்ந்தால் அதற்கு மேலிடத்தில் ஒன்று. பழந்தமிழ் எழுத்துமுறையோ இதனின் வேறுபட்டது. அதில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக்குறிகள் இருந்தன. 16384 என்பதை ௰௬௲௩௱௮௰௪ என எழுதினர். இடமதிப்பு முறையில் அதுவே ௧௬௩௮௪ ஆகும். எண் மாறவில்லை, அது உடுத்த ஆடையே மாறியது.

பத்துக்குப் பதிலாக இரண்டை அடிமானமாகக் கொள்ளும் முறை நம் முன்னோரின் முகத்தல் அளவையிலேயே மறைந்திருக்கிறது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. நெற்களத்தில் பதின்மூன்று ஆழாக்குத் தானியத்தை அளக்க வேண்டுமாயின், ஒரு நாழி, ஓர் உரி, ஓர் ஆழாக்கு என அளந்தால் போதும், உழக்குக்கு வேலையில்லை. பயன்பட்ட அளவைக்கு 1 என்றும், பயன்படாததற்கு 0 என்றும் குறித்தால் 1101 என்று கிடைக்கும். கணிப்பொறிக்குள் பதின்மூன்று என்னும் எண் நிற்கும் கோலம் இதுவே. குறுணி, பதக்கு, தூணி என மேலே செல்லும்போதும் இருமடங்கே தொடர்கிறது. மூன்று தூணி ஒரு கலம் என்னும் இடத்தில்தான் அவ்வொழுங்கு மாறுகிறது.

இப்போது நந்தீஸ்வரத்தின் எண்ணைப் பல ஆடைகளில் பார்க்கலாம். இரண்டை அடிமானமாகக் கொண்டால் 16384 என்பது 1-ஐ அடுத்துப் பதினான்கு சுழிகளாக நிற்கும். நான்கை அடிமானமாகக் கொண்டால் 10000000, அதாவது 1-ஐ அடுத்து ஏழு சுழிகள். கணிப்பொறியாளர் கையாளும் பதினாறு என்னும் அடிமானத்தில் 4000. மூன்றை அடிமானமாகக் கொண்டாலோ 211110211 என்று எழுத வேண்டும். பத்தடிமானத்தைப் போலவே இங்கும் இரட்டிப்பின் சுவடு மறைந்துபோகிறது.

இவற்றுள் நான்கின் அடிமானம் மிகவும் கருதத்தக்கது. அம்முறையில் ஜம்பூத்வீபம் 1, தாதகீ கண்டம் 10, புஷ்கரவரம் 100 எனச் செல்லும். எட்டாம் தீவாகிய நந்தீஸ்வரம் எட்டாம் இடத்தில் 1 பெற்று நிற்கும். தீவின் வரிசை எண்ணும் இலக்கத்தின் இடமும் ஒன்றாகிவிடுகின்றன.

பாடலிகையில் எழுந்த நூல்

தீவுகளின் இக்கணக்கைக் கூறும் நூல்களுள் ஒன்று தமிழ் மண்ணிலேயே எழுந்தது. அதுவே உலோகவிபாகம். இன்று கிடைப்பது சிம்மசூரி என்னும் முனிவர் வடமொழியில் ஆக்கிய வடிவம். அதன் இறுதியில் மூலநூலைப் பற்றிய குறிப்பு உள்ளது. பாணராஷ்டிரத்துப் பாடலிகை என்னும் ஊரில், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380இல் சர்வநந்தி என்னும் முனிவர் அந்நூலை நிறைவு செய்தார் என்பது அக்குறிப்பின் செய்தி. சக ஆண்டு 380 என்பது கி.பி. 458 ஆகும். தொடக்ககாலப் பல்லவரின் ஆட்சியாண்டுகளை வரையறுக்க வரலாற்றறிஞர் இக்குறிப்பைச் சிறந்த சான்றாகக் கொள்கின்றனர். பாடலிகை என்பது கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூர் என்பது அறிஞர் பலரின் கருத்து.

உலோகவிபாகத்தில் ஓர் எண் சொற்களால் தரப்பட்டுள்ளது. ஐந்து சூன்யங்கள், அடுத்து இரண்டு, ஏழு, வானம், ஒன்று, மூன்று, உருவம் என்பது அதன் வைப்புமுறை. வானம் என்பது வெறுமையைக் குறித்துச் சுழிக்கும், உருவம் என்பது ஒன்றுக்கும் பெயராயின. முதற்சொல் வலக்கோடியில் நிற்கும் கடைசி இலக்கத்தைக் குறிக்கும். வலமிருந்து இடமாக எழுதிச் சென்றால் 13107200000 என்னும் எண் கிடைக்கிறது. பத்து, நூறு, ஆயிரம் என்னும் பெயர்கள் எவையும் இங்கு வேண்டப்படவில்லை. இலக்கங்களின் இடமே மதிப்பைத் தருகிறது. வெற்றிடத்தைச் சுழி காக்கிறது. இடமதிப்பு முறையின் வரலாற்றை எழுதுவோர் இந்நூலை எடுத்துக்காட்டுவது இதனாலேயே. ஆரியபடரின் நூல் எழுந்த கி.பி. 499க்கு நாற்பத்தோராண்டு முன்னதாகச் சர்வநந்தியின் நூல் முடிந்தது என்பதும் நினைவுகூரத்தக்கது.

13107200000 என்பதிலிருந்து இலட்சத்தைப் பிரித்தால் எஞ்சுவது 131072. இது 2-இன் 17ஆம் அடுக்கு. ஜம்பூத்வீபத்திலிருந்து பதினேழு முறை இரட்டித்துச் சென்றால் நாம் அடைவது ஒன்பதாம் தீவாகிய அருணவரத்தைச் சூழ்ந்த கடல். இரண்டின் அடுக்கு ஒன்று, பத்தடிமான ஆடையை முழுமையாக உடுத்து, சுழியோடு கூடிய இடமதிப்புச் சொற்களில் இங்கு நிற்கிறது.

சர்வநந்தியின் மூலநூல் இன்று இல்லை. ஆகவே அச்சொற்கோவை மூலத்திலேயே இவ்வாறு இருந்தது என்று அறுதியிட்டுக் கூறுவது முறையாகாது. நம் ஊரில் நம் முனிவர் எழுதிய நூல் அழிந்து, வேறொருவர் செய்த பெயர்ப்பே நமக்கு எஞ்சியது. மூல ஏடு காக்கப்பட்டிருப்பின், சுழியின் வரலாற்றில் இவ்வையத்திற்கு இடமே இருந்திராது. ஏடு ஒன்று அழிவதனால் ஒரு சமுதாயம் எதனை இழக்கிறது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

நேமிசந்திரரின் தாரைகள்

சர்வநந்திக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின், பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்தவர் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி. சிரவணபெளகொளத்தில் பாகுபலியின் திருவுருவை எடுப்பித்த சாமுண்டராயர் இவரிடம் ஆகமம் கேட்டவர். கோம்மடசாரமும் திரிலோகசாரமும் இவர் அருளியவை.

திரிலோகசாரத்தில் பதினான்கு தாரைகள் கூறப்படுகின்றன. தாரை என்பது இடையறாது ஒழுகும் எண்வரிசை. எல்லா எண்களும் அடங்கிய தாரை, இரட்டை எண்களின் தாரை, ஒற்றை எண்களின் தாரை, வர்க்க எண்களின் தாரை, கன எண்களின் தாரை என அவை விரியும். எண்களைத் தனித்தனியே பாராமல், ஒரு விதியால் பிறக்கும் வரிசையாகவே பார்த்து, ஒவ்வொரு வரிசைக்கும் பெயர் சூட்டி, எந்த எண் எவ்வரிசையில் எத்தனையாவது இடத்தில் வரும் என ஆராயும் போக்கு இங்கே முழுமை பெற்றுள்ளது.

அப்பதினான்கனுள் ‘துவிரூப வர்க்க தாரை’ என்பது இரண்டில் தொடங்கி, வர்க்கத்தை மீண்டும் வர்க்கமாக்கிச் செல்வது. அதன் முதல் ஆறு உறுப்புகள் வருமாறு: 4, 16, 256, 65536, 4294967296, 18446744073709551616. இவை முறையே 2-இன் 2, 4, 8, 16, 32, 64ஆம் அடுக்குகள். எட்டை முதலாகக் கொண்டு 8, 64, 4096 எனச் செல்லும் துவிரூப கன தாரையும், 512-ஐ முதலாகக் கொண்ட துவிரூப கனாகன தாரையும் இதனை அடுத்து வருவன.

இப்பெரிய எண்களுக்கு ஆசாரியர் வழங்கிய பெயர்கள் சுவையானவை. 65536 என்பதற்குப் பண்ணட்டி என்று பெயர். பிராகிருதத்தில் அறுபத்தைந்து என்பது பொருள். 4294967296 என்பதற்குப் பாதாலம். பிராகிருதத்தில் ‘பாதால’ என்பது நாற்பத்திரண்டு. 18446744073709551616 என்பதற்கு ஏகட்டி; ஒன்று, எட்டு என்னும் இலக்கங்களால் ஆன பெயர். இரட்டிப்பில் பிறந்த எண்கள், பத்தடிமானத்தில் எழுதியபோது முன்வந்து நின்ற இலக்கங்களால் பெயர் பெற்றன. முழு எண்ணையும் ஓதாமல் தலையிலக்கங்களைக் கொண்டே சுட்டுவது மாணாக்கருக்கு எளிதாயிற்று. அருணவரத் தீவின் அகலம் 65536 இலட்சம் என மேலே கண்டோம். அதுவே ஒரு பண்ணட்டி இலட்சம்.

இருபத்தொன்பது இடங்களும் தொண்ணூற்றாறு பாதிகளும்

உலகில் நிறைவுற்ற உறுப்புகளையுடைய மாந்தரின் தொகை எவ்வளவு என்னும் வினா ஆகமங்களில் எழுகிறது. சுவேதாம்பர மரபின் அனுயோகத்வார சூத்திரம் இதற்கு விடை கூறும்போது, ஒரே எண்ணை மூன்று வகையாகச் சுட்டுகிறது. அத்தொகை 29 இடங்களைக் கொண்டது. மேற்சொன்ன தாரையின் ஐந்தாம் வர்க்கத்தை ஆறாம் வர்க்கத்தோடு பெருக்கினால் கிடைப்பது. 96 முறை இரண்டால் வகுக்கத்தக்கது. ஐந்தாம் வர்க்கம் 2-இன் 32ஆம் அடுக்கு. ஆறாவது 64ஆம் அடுக்கு. இரண்டையும் பெருக்க 2-இன் 96ஆம் அடுக்கு கிடைக்கும். பத்தடிமானத்தில் அதன் வடிவம் இது:

79228162514264337593543950336

எண்ணிப் பார்த்தால் இலக்கங்கள் இருபத்தொன்பதே. பத்தடிமானத்தில் எத்தனை இடம், இரண்டால் எத்தனை பாதி என்னும் இரு கணக்குகளையும் அருகருகே வைத்த பெருமை அந்நூலுக்கு உரியது.

திகம்பர மரபில் நேமிசந்திரர் இதே எண்ணைக் கோம்மடசாரத்தின் ஜீவகாண்டத்தில் ஒரே காதையில் அடக்கியுள்ளார். அதற்கு அவர் கையாண்டது எழுத்தெண் முறை. ககர வரிசையில் ஒன்பது எழுத்துகளும், டகரம் முதலாக ஒன்பதும், பகரம் முதலாக ஐந்தும், யகரம் முதலாக எட்டும் 1 தொடங்கி மதிப்புப் பெறும். நகரம் சுழியைக் குறிக்கும். காதையின் முதல் எழுத்தாகிய தகரம் டகரத்திலிருந்து ஆறாவது, எனவே 6. அடுத்து இருமுறை வரும் லகரம் யகரத்திலிருந்து மூன்றாவது. எனவே 3, 3. இவை எண்ணின் வலக்கோடியில் 336 என அமைகின்றன. கடைசி எழுத்தாகிய ஸகரம் யகரத்திலிருந்து ஏழாவது. அதுவே இடக்கோடியில் நிற்கும் 7. இடையிலுள்ள எழுத்துகளையும் இவ்வாறே மாற்றினால், 2-இன் 96ஆம் அடுக்கு ஓர் இலக்கமும் பிழையாமல் வந்து நிற்கிறது. ஏடு பெயர்த்தெழுதுவோர் எத்தனை தலைமுறை கடந்தாலும் எண் சிதையாமல் காக்க, பாட்டின் யாப்பையே வேலியாக்கிய திறம் வியக்கத்தக்கது.

வீரசேனரின் சேதங்கள்

ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கினால் ஒன்று எஞ்சும் என்னும் கணக்குக்கு அர்த்தச்சேதம் என்று பெயர். 16384இன் அர்த்தச்சேதம் 14. மூன்றால் வகுத்துச் செல்லும் கணக்கு திரிகச்சேதம். 729இன் திரிகச்சேதம் 6. நான்கால் வகுத்துச் செல்வது சதுர்த்தச்சேதம். 16384இன் சதுர்த்தச்சேதம் 7. அடிமானத்தை மாற்றி எழுதும்போது 1-க்குப் பின் நின்ற சுழிகளின் தொகை எதுவோ, அதுவே சேதமாக இங்கு வருகிறது. இரண்டின் அடிமானத்தில் பதினான்கு சுழி. நான்கின் அடிமானத்தில் ஏழு சுழி. ஆசாரியர்கள் எண்களை அவ்வடிமானங்களில் எழுதியதாகக் கொள்ளுதல் பொருந்தாது. எழுதாமலேயே, அவ்வெழுத்துமுறை வெளிப்படுத்தும் உண்மையை அவர்கள் கணக்கிட்டனர்.

இக்கணக்குகள் விரிவாகக் காணப்படுவது வீரசேனாசாரியர் கி.பி. 816இல் நிறைவு செய்த தவளம் என்னும் பேருரையில். ஷட்கண்டாகமத்திற்கு எழுந்த உரை அது. அம்மூலநூலுக்கும் தமிழகத்திற்கும் ஒரு தொடர்பு உண்டு. கிர்நார் மலையின் சந்திர குகையில் தரசேனாசாரியர், தம்மோடு அழிந்துவிடக் கூடாதென்று அஞ்சி, தாம் அறிந்த ஆகமப் பகுதியைப் புஷ்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவர்களுக்கு உபதேசித்தார். பின்னர்ப் புஷ்பதந்தர் வனவாச நாட்டிற்கும், பூதபலி தமிழ் நாட்டிற்கும் சென்றனர் என்று தவளமே கூறுகிறது.

சேதங்களின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 32-ஐ 512-ஆல் பெருக்கினால் 16384. இவற்றின் அர்த்தச்சேதங்கள் முறையே 5, 9, 14. பெருக்கல் கூட்டலாகிவிடுகிறது. 16384-ஐ 256-ஆல் வகுத்தால் 64. சேதங்களில் 14-லிருந்து 8 போக 6. வகுத்தல் கழித்தலாகிவிடுகிறது. இவ்விதிகளைத் தவளம் தெளிவாகக் கூறுகிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நேப்பியர் 1614இல் மடக்கையை வெளியிட்டபோது, பெருக்கலைக் கூட்டலாக்குவதே அவர் நோக்கமாக இருந்தது. அவர் எல்லா எண்களுக்கும் பயன்படும் வாய்பாட்டை அமைத்தார். வீரசேனரிடம் அத்தகைய வாய்பாடு இல்லை. ஆயினும் அடிப்படைக் கருத்து எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே தவளத்தில் இருந்தது.

அவருக்கு அக்கருத்து ஏன் வேண்டியிருந்தது? எண்ணற்கரிய பேரெண்களை ஒப்பிட வேண்டியிருந்தமையே காரணம். ஓர் எண்ணை அதே எண்ணின் அடுக்காக உயர்த்துவதற்கு வர்க்கித சம்வர்க்கிதம் என்று பெயர். இரண்டை ஒருமுறை உயர்த்தினால் 4. நான்கை அவ்வாறே உயர்த்தினால் 256. மூன்றாம் முறை 256-ஐ 256ஆம் அடுக்காக உயர்த்த வேண்டும். பத்தடிமானத்தில் அதற்கு 617 இலக்கங்கள். ஓலையில் எழுதி ஒப்பிடுதல் அரிது. ஆனால் 256இன் அர்த்தச்சேதம் 8. அதனை 256 முறை எடுக்க 2048. அறுநூற்றுப் பதினேழு இலக்கங்களின் அளவை நான்கு இலக்கங்கள் தாங்கிவிடுகின்றன.

இத்தகைய தவளம் பல நூற்றாண்டுகள் மூடபித்ரியில் கன்னட எழுத்திலமைந்த ஓலைச்சுவடிகளாக மட்டுமே இருந்தது. வழிபடுவோர் தொலைவில் நின்று தரிசிக்கும் பொருளாயிற்று, ஓதுவார் அரியராயினர். பின்னரே படிகள் எடுக்கப்பட்டு, ஹீராலால் ஜெயின் அவர்களின் பெருமுயற்சியால் 1939 முதல் பதினாறு தொகுதிகளாக அச்சேறியது. அதன் நான்காம் தொகுதியில் கணிதப் பேராசிரியர் அவதேஷ் நாராயண் சிங் எழுதிய கட்டுரையே இச்சேதக் கணக்குகளைக் கணித உலகிற்கு அறிமுகம் செய்தது.

வீரசேனருக்குச் சற்றுப் பின்னர், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷனின் காலத்தில் வாழ்ந்த மகாவீராசாரியர் கணிதசார சங்கிரகம் இயற்றினார். ஒன்று முதல் ஆறு வரை ஏறி மீண்டும் இறங்கும் எண்ணாக 12345654321 என்பதை அவர் குறிப்பிடுகிறார். அது 111111இன் வர்க்கம். நான்கை அடிமானமாகக் கொண்டு பார்த்தால் இவ்வழகு தோன்றாது. இலக்கம் ஆறு வரை ஏற இடம் தரும் ஏழோ அதற்கு மேற்பட்டதோ அடிமானமாக இருந்தால்தான் தோன்றும். அந்நூலை எம். ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, 1912இல் சென்னையில் அது அச்சாயிற்று.

யாப்பிலும் இரட்டிப்பு

தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இவ்வெண்கள் புதியன அல்ல. யாப்பருங்கலமும் யாப்பருங்கலக் காரிகையும் தந்த அமிதசாகரர் சமண முனிவர். அசை இரண்டே: நேர், நிரை. ஓரசையால் ஆகும் சீர் 2, ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16. ஆகச் சீர்கள் முப்பது. ஓர் அசை கூடுந்தோறும் சீர்களின் தொகை இரட்டிக்கிறது. நேர் என்பதற்கு 0 என்றும் நிரை என்பதற்கு 1 என்றும் இட்டால், தேமா 00, புளிமா 10, கூவிளம் 01, கருவிளம் 11 ஆகும். காரிகை ஓதிய மாணாக்கன் இரண்டின் அடுக்குகளைத் தன்னையறியாமலே ஓதினான். வாய்பாட்டில் அரை, கால், அரைக்கால், மாகாணி எனச் சொல்லியபோது அதே அடுக்குகளில் கீழ்நோக்கி இறங்கினான்.

ஐம்பத்திரண்டு ஆலயங்கள்

மீண்டும் நந்தீஸ்வரத்திற்கு வருவோம். அங்குள்ள ஐம்பத்திரண்டு ஆலயங்களின் வைப்புமுறை யாவரும் அறிந்ததே. ஒவ்வொரு திசையிலும் ஓர் அஞ்சனகிரி, நான்கு ததிமுகங்கள், எட்டு இரதிகரங்கள். நான்கு திசைக்கும் அஞ்சனகிரி 4, ததிமுகம் 16, இரதிகரம் 32. கூட்டினால் 52. மூன்று தொகைகளும் இரண்டின் அடுக்குகள். ஒன்றும் இருமுறை வரவில்லை. ஆகவே 52 என்பதை இரண்டின் அடிமானத்தில் எழுதினால் வரும் 110100 என்பதில், முதல் 1 இரதிகரங்களையும், அடுத்த 1 ததிமுகங்களையும், மூன்றாவது 1 அஞ்சனகிரிகளையும் சுட்டி நிற்கும். ஆகமம் இவ்வெழுத்துமுறையைக் கூறிற்று என்பது இதன் பொருளன்று. ஆனால் சிறுவர்க்கு இரண்டின் அடிமானத்தைக் கற்பிக்க இதனினும் எளிய வழி சமணக் குடும்பங்களில் வேறில்லை. ஐம்பத்திரண்டு பிம்பங்கள் கொண்ட உலோக நந்தீஸ்வரம் ஆலயத்தில் எதிரிலேயே இருக்கும்போது, பலகையும் வேண்டியதில்லை.

நூல்கள் காக்கப்படுவது ஏட்டினால் மட்டுமன்று. பொருள் அறிந்த குடும்பங்களாலும் ஆகும். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அதன் சமயப் பொருளை அவருக்கு விளங்க வைத்தவர்கள் கும்பகோணத்துச் சமணக் குடும்பத்தார். ஏடு அவர் கையில் இருந்தது. பொருளோ இல்லங்களில் வாழ்ந்த மரபில் இருந்தது. இரண்டும் கூடிய இடத்தில் காப்பியம் மறுபிறவி எடுத்தது. சர்வநந்தியின் மூலநூலுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. தவளத்திற்குக் காலம் தாழ்த்தியேனும் வாய்த்தது.

இன்று பூசையில் 163 கோடியே 84 இலட்சம் என்னும் எண் ஒலிக்கிறது. கேட்போர் அதன் பெருமையை வியந்து கைகூப்புகின்றனர். அது பதினான்கு முறை இரட்டித்த எண் என்பதைப் பெரியோர் ஒருவர் அருகிலிருக்கும் சிறுவனுக்குச் சொல்லி, ஜம்பூத்வீபத்தில் தொடங்கி விரல்விட்டு எண்ணச் செய்தால், நேமிசந்திரரின் தாரை ஒன்று அவன் நாவில் ஓடும். அவன் கணிப்பொறியில் 16384-ஐக் காணும் நாளில் நந்தீஸ்வரம் அவன் நினைவுக்கு வரும். வீட்டுப் பரணிலோ பேழையிலோ பழைய ஏடு இருப்பின், அதில் எண்கள் மட்டுமே நிறைந்திருந்தாலும், கணக்கோலை என்று ஒதுக்காமல் அறிந்தோரிடம் காட்டுதல் கடமை. பாடலிகையில் ஒருமுறை நேர்ந்த இழப்பு நம் இல்லங்களில் மறுமுறை நேராதிருப்பதாக.